ரம்பம் பிடிக்கும் கைகளுக்குக் கவசம் எங்கே?

பருவமழை மும்பையை எட்டுவதற்கு முந்தைய வாரங்களில் மாநகரின் சாலைகளெங்கும் ஒரே ஓசை எழுகிறது. மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்களைச் சூழ்ந்த நிழற்சாலைகளிலும், கிங்ஸ் சர்க்கிளிலும், செம்பூர் டயமண்ட் கார்டன் வட்டாரத்திலும், தாராவியைத் தொட்டுச் செல்லும் சாலைகளிலும் மரக்கிளைகளை அறுக்கும் எந்திர ரம்பத்தின் ஓசை அது. மழைக்கு முன் ஆபத்தான கிளைகளை நீக்கிவிட வேண்டும் என்பது ஆண்டுதோறும் மாநகராட்சி மேற்கொள்ளும் வேலை. கீழே கயிறு கட்டிப் போக்குவரத்தை நிறுத்துகிறார்கள். நிறுத்தி வைத்திருந்த வாகனங்களை நகர்த்துகிறார்கள். நடந்து செல்வோரை எச்சரிக்கிறார்கள். இவையெல்லாம் தேவையான ஏற்பாடுகள்தாம். ஆனால் மரத்தின் மேல் நிற்பவரைப் பாருங்கள். தலையில் ஒரு துண்டு, காலில் ரப்பர் செருப்பு அல்லது வெறுங்கால், இடுப்பில் ஒரு கயிறு, கையில் ஓடிக்கொண்டிருக்கும் ரம்பம். அந்த இடத்தில் பாதுகாக்கப்படாத ஒரே பொருள் அந்த மனிதரின் உடல்தான்.

மும்பையின் மரங்களைப் பற்றி இரண்டு கணக்குகள் உண்டு. முதலாவது, மரங்களின் கணக்கு. 2018-இல் நிறைவுற்ற மாநகராட்சியின் கணக்கெடுப்பு, நகரில் ஏறத்தாழ 29.75 லட்சம் மரங்கள் இருப்பதாகச் சொன்னது. 1975-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர நகர்ப்புற மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, மர அதிகாரியின் அனுமதியின்றி எந்த மரத்தையும் வெட்ட முடியாது. 2021-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த மரங்கள் பாரம்பரிய மரங்களாகத் தனிக் காப்புப் பெற்றன. இரண்டாவது, மரம் விழுந்து மாண்டவர்களின் கணக்கு. 2017-ஆம் ஆண்டு ஜூலையில் செம்பூரில் காலை நடைக்குச் சென்ற பெண்மணி ஒருவர் மீது தென்னை மரம் சாய்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் டயமண்ட் கார்டன் அருகே அமர்ந்திருந்த மற்றொரு பெண்மணி மீது மரம் விழுந்தது. இருவரும் உயிரிழந்தனர். 2021 மே மாதம் டௌக்தே புயல் கடந்தபோது மாநகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன.

முதற் கணக்கு மரத்தைக் காக்கச் சொல்கிறது. இரண்டாவது, மரத்திடமிருந்து மக்களைக் காக்கச் சொல்கிறது. இரண்டுமே நியாயமானவை. ஆனால் இவ்விரண்டு காவல் வேலைகளையும் தம் உடலால் செய்து முடிக்கிறவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கிளை நீக்குபவர், பட்ட மரத்தை இறக்குபவர், புயலிரவில் சாலையை மறித்துக் கிடக்கும் மரத்தை அறுத்துத் துண்டாக்குபவர் ஆகிய இவர்களை ஒப்பந்தப் பட்டியலில் ஆட்களாகக்கூட எண்ணுவதில்லை. ‘இத்தனை மரங்கள்’ என்ற எண்ணிக்கைக்குள் அவர்கள் மறைந்துபோகிறார்கள்.

இந்த வேலையின் ஆபத்தை உணர, முதலில் அந்தக் கருவியை அறிய வேண்டும். ஜெர்மனியில் 1926-இல் ஆந்திரேயாஸ் ஸ்டீல் உருவாக்கிய மின்சாரச் சங்கிலி ரம்பத்தின் எடை 64 கிலோ. இரண்டு பேர் சேர்ந்துதான் பிடிக்க முடியும். இன்று ஒரே ஆள், ஒரு கையிலேயே தூக்கிக்கொண்டு மரமேறும் அளவுக்கு அது சுருங்கிவிட்டது. எடை குறைந்ததே தவிர ஆபத்து குறையவில்லை. முழு வேகத்தில் சங்கிலி நொடிக்கு 20 மீட்டருக்கும் மேல் ஓடுகிறது. அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். ரம்பத் தகட்டின் நுனியின் மேற்பகுதி எதிர்பாராமல் ஒரு கிளையில் பட்டால், கருவி முழுவதும் இயக்குபவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எகிறும். தொழிலாளர்கள் இதனை ‘ரம்பம் உதைக்கிறது’ என்கிறார்கள். மனிதன் கண் இமைப்பதற்குள் அது நிகழ்ந்து முடிந்துவிடும். அதனால்தான் முன்கையில் தட்டினால் சங்கிலியை உடனே நிறுத்தும் பிரேக், 1970-களில் இந்த எந்திரங்களில் இடம்பெற்றது. அந்த பிரேக் பழுதாகிவிட்டதால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை வாங்கும் ஒப்பந்ததாரர், தொழிலாளியின் உயிருக்கும் சாவுக்கும் நடுவே இருந்த ஒரே தடையைக் கழற்றி எறிகிறார்.

கண்ணுக்குத் தெரியாத காயங்களும் உண்டு. ரம்பத்தின் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டுகிறது. எட்டு மணி நேர வேலைக்கு நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் ஏற்கும் வரம்பு 90 டெசிபல். காதுமூடியின்றிச் சில பருவங்கள் வேலை செய்தவர், வீட்டில் பிள்ளைகள் பேசுவதைக் கேட்க முடியாதவராகிறார். எந்திரத்தின் அதிர்வு விரல்களின் இரத்த நாளங்களைச் சிதைக்கிறது. விரல்கள் வெளிறி, மரத்துப்போய், சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாத நிலை வரும். காட்டுத் தொழிலாளரிடையே இந்நோய் 1960-களிலேயே பல நாடுகளில் கண்டறியப்பட்டது. இவற்றுக்கு விபத்து என்று பெயரில்லை. 

கவசம் என்றால் என்ன? தலைக்கவசத்தோடு இணைந்த வலைமுகத்திரை, மரத்தூளும் சிம்பும் கண்ணில் பாயாமல் தடுக்கிறது. காதுமூடி இரைச்சலைக் குறைக்கிறது. கால்களுக்கான கவச உடையின் உள்ளே நீண்ட நார்கள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டுள்ளன. ஓடும் சங்கிலி துணியைக் கிழித்தவுடன் அந்த நார்கள் இழுபட்டுப் பற்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு எந்திரத்தையே நிறுத்திவிடுகின்றன. வெட்டைத் தாங்கும் இரும்புத் தகடு அன்று அது. வெட்டும் கருவியை முடக்கும் அறிவு. நொடிக்கு 16 மீட்டர் முதல் 28 மீட்டர் வரையிலான சங்கிலி வேகங்களுக்கு ஏற்ப இவ்வுடைகள் சோதித்துத் தரம் பிரிக்கப்படுகின்றன. மரத்தின் மேல் நின்று அறுப்பவருக்கு முழு உடற்பட்டை வேண்டும். இரண்டு தனித்தனி இடங்களில் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரே கயிற்றை நம்பி ரம்பம் பிடிப்பவர், அந்தக் கயிற்றையே அறுத்துக்கொள்ளும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது. நம் நாட்டிலேயே தலைக்கவசத்துக்கு ஐ.எஸ். 2925, உடற்பட்டைக்கு ஐ.எஸ். 3521 என்ற தரநிர்ணயங்கள் உள்ளன. கிடைக்காத பொருள்களைப் பற்றி நாம் பேசவில்லை.

தென் மாவட்டங்களிலிருந்து வந்து தாராவியில் வேரூன்றிய குடும்பங்களுக்கு மரமேறும் தொழில் புதிதன்று. பனையேறியின் காலில் தளைநாரும் மார்பில் தோலும் இருந்தன. வறுமையிலும் அந்த உழைப்பாளி தன் உடலைக் காக்கத் தானே ஒரு கவசத்தை உருவாக்கிக்கொண்டார். பாளை அரிவாளின் வேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. நொடிக்கு இருபது மீட்டர் ஓடும் சங்கிலிக்குத் தொழிலாளி தானே கவசம் செய்துகொள்ள இயலாது. கருவி முதலாளியின் மூலதனத்தோடு வந்தது. கவசமும் அந்த மூலதனத்தோடுதான் வரவேண்டும்.

‘கொடுத்தாலும் அவர்கள் அணிவதில்லை’ என்ற வாதத்தை ஒப்பந்ததாரர்கள் எப்போதும் வைக்கிறார்கள். இதில் ஓர் உண்மை இருப்பதை மறுக்க வேண்டியதில்லை. அடர்ந்த நார்கள் கொண்ட கவச உடை குளிர்நாடுகளுக்காக வடிவமைக்கப்பட்டது. மே மாத மும்பையின் புழுக்கத்தில் அதை அணிந்து நாள் முழுவதும் வேலை செய்வது கொடுமை. ஆனால் இதிலிருந்து கவசம் வேண்டாம் என்ற முடிவு பிறக்காது. வேலை நேரத்தை மாற்ற வேண்டும் என்ற முடிவுதான் பிறக்கும். அதிகாலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் நிறுத்துதல், மணிக்கொரு முறை நிழலும் நீரும் ஓய்வும், தரையில் வேலை செய்வோருக்கு முன்பக்கம் மட்டும் மூடும் இலகுவான கால்கவசம், ஏறவேண்டிய தேவையையே குறைக்கும் தூக்குமேடை வண்டி ஆகிய அனைத்தும் சாத்தியமே. ஆனால் வேலை மரக்கணக்கில் ஒப்பந்தம் விடப்படும் இடத்தில், ஓய்வு என்பது கூலி இழப்பு. கிளையைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்குவதைவிட அப்படியே வெட்டித் தள்ளுவது விரைவானது. கவசத்தை மறுப்பது தொழிலாளியின் அறியாமை அன்று. அவசரத்தைக் கூலியோடு பிணைத்திருக்கும் ஒப்பந்த முறை.

சட்டம் என்ன சொல்கிறது? 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், தன் இரண்டாம் அட்டவணையில் பனை மரத்தில் இறக்குவோரையும் மரம் வெட்டுவோரையும் ஒரே வரியில் சேர்த்துத் தொழிலாளர் என ஏற்றது. ஒப்பந்ததாரர் மூலம் வேலை வாங்கினாலும் முதன்மை வேலையளிப்பவரிடமிருந்து இழப்பீடு கோரலாம் என்றது. உள்ளாட்சி அமைப்பு தன் கடமைகளைச் செய்வதே அதன் தொழிலாகக் கருதப்படும் என்றும் அச்சட்டம் தெளிவுபடுத்தியது. ஆகவே ‘அவர் ஒப்பந்ததாரரின் ஆள்’ என்று மாநகராட்சி கைகழுவுவதற்கு, காலனி ஆட்சி இயற்றிய சட்டத்தில்கூட இடமில்லை. ஆனால் இழப்பீடு என்பது சாவுக்குப் பிறகு வருவது. சாவுக்கு முன்னே வரவேண்டியது பாதுகாப்பு.

அந்தப் பாதுகாப்பின் நிலை இப்போது மேலும் மோசமாகியுள்ளது. 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்திய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் ஒன்று, பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றியது. பாதுகாப்பு என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கிய அத்தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளர் குறித்த விதிகள் பொருந்துவதற்கான வரம்பை 20 பேரிலிருந்து 50 பேராக உயர்த்தியது. ஐந்து பேர், ஆறு பேர் கொண்ட மரம் வெட்டும் குழுக்கள் இந்த வரம்பை எப்போது எட்டும்? மேலும், நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்த முறை கூடாது என்று கூறிவிட்டு, எவை மையப் பணி அல்ல என ஒரு பட்டியலையும் அது தருகிறது. துப்புரவுப் பணி, தோட்டப் பராமரிப்பு, இடைவிட்டு நடக்கும் வேலைகள் ஆகியவை அதில் உள்ளன. மரம் வெட்டும் வேலையைத் தோட்டப் பராமரிப்பு என்றும் சொல்லலாம். பருவத்துக்கு ஒருமுறை வரும் வேலை என்றும் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் தொழிலாளி வெளியே நிற்கும்படி வாயில் அமைக்கப்பட்டிருக்கிறது.

உலக அளவில் நிலை வேறு. 1981-ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155-ஆம் உடன்படிக்கை, பாதுகாப்பு ஏற்பாடுகளுக்காகத் தொழிலாளி எந்தச் செலவையும் ஏற்கக் கூடாது என்கிறது. 2022-இல் இந்த உடன்படிக்கை அடிப்படை உடன்படிக்கைகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது. காட்டு வேலைகளின் பாதுகாப்புக்கென்றே 1998-இல் அந்த அமைப்பு தனி நெறிமுறையை வெளியிட்டது. பிரிட்டனில் மர வேலைக்குச் சங்கிலி ரம்பம் பிடிப்பவர் பயிற்சியும் திறன் சான்றும் பெற்றிருக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் 2002-இல் இயற்றிய சட்டம், சங்கிலி ரம்பங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. பிலிப்பைன்ஸ் சட்டத்தின் நோக்கம் காட்டைக் காப்பது. பிரிட்டனின் விதி தொழிலாளியைக் காப்பது. இரண்டும் ஒருசேரத் தேவைப்படுகிற நாடு நம்முடையது.

தமிழ்நாட்டின் அனுபவத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் காவிரிப் படுகை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. விழுந்த தென்னைக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் என மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் நிவாரணத்தை அரசு அறிவித்தது. அந்தத் தொகை விவசாயிக்குப் போதாது என்று நமது இயக்கம் போராடியது. அது சரியான போராட்டம். வெட்டி அகற்றுவதற்கான விலையை அரசு குறித்தபோது, வெட்டுபவரின் கண்ணுக்கும் காலுக்கும் அந்த விலையில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே எழுந்திருக்க வேண்டும். புயலில் சாய்ந்த மரம் நிற்கும் மரத்தைவிட ஆபத்தானது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் மரங்களும் வளைந்து நிற்கும் கிளைகளும் இழுத்துக் கட்டிய வில்லைப் போல விசையைத் தேக்கி வைத்திருக்கும். தவறான பக்கத்தில் ரம்பம் பட்டால் கிளை பாய்ந்து ஆளை அடிக்கும். எந்தப் பக்கம் முதலில் அறுப்பது என்பது பயிற்சியால் வரும் அறிவு. அதனைத் தொழிலாளி தன் இரத்தத்தைக் கொடுத்துக் கற்கும்படி விடுவது குற்றம்.

இங்கே நமக்குள்ளும் ஒரு தெளிவு தேவை. 2019 அக்டோபர் 4 அன்று, உயர்நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்த சில மணி நேரத்துக்குள் ஆரே காலனியில் ரம்பங்கள் இயங்கத் தொடங்கின. அக்டோபர் 7 அன்று உச்சநீதிமன்றம் தடை விதித்தபோது 2,141 மரங்கள் வீழ்ந்துவிட்டிருந்தன. எதிர்த்த இளைஞர்களில் 29 பேர் கைது செய்யப்பட்டனர். அந்தப் போராட்டத்தின் பக்கம் நின்றது சரியே. ஆனால் அன்றிரவு இருளில் அவசர அவசரமாக ரம்பம் பிடிக்க வைக்கப்பட்டவர்களும் தொழிலாளர்களே. மரங்களை வீழ்த்த முடிவெடுத்தவர்கள் அவர்கள் அல்லர். அந்த முடிவின் ஆபத்தை உடலில் சுமந்தவர்கள் மட்டுமே அவர்கள். சூழலைக் காக்கும் போராட்டம் ரம்பம் பிடித்தவரைப் பகைவராகக் கண்டால், முடிவெடுத்தவர்கள் பார்வையிலிருந்து தப்பிவிடுகிறார்கள். மாறாக, பயிற்சி பெற்ற, நிரந்தரமான, தொழிற்சங்கத்தில் அணிதிரண்ட மரத்தொழிலாளி, ‘இந்தக் கிளையை மட்டும் நீக்கினால் போதும், மரத்தை வீழ்த்த வேண்டியதில்லை’ என்று மேலதிகாரியிடம் சொல்லும் வலிமை பெறுவார். எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் தினக்கூலியால் அதைச் சொல்ல முடியாது. மரத்தின் உயிரும் மரமேறுபவரின் உயிரும் ஒரே கயிற்றில்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

இது எட்ட முடியாத கனவு அன்று என்பதற்கு மகாராஷ்டிரத்திலேயே சான்றுகள் உண்டு. பல முதலாளிகளிடம் மாறி மாறிச் சுமை தூக்கிய மாதாடித் தொழிலாளர்களுக்காக 1969-இல் இயற்றப்பட்ட சட்டம், வேலையளிப்பவர்களிடமிருந்து கூலியோடு தீர்வையும் வசூலித்து, வைப்பு நிதி, மருத்துவம் முதலியவற்றை வாரியத்தின் மூலம் வழங்கும் முறையை உருவாக்கியது. நிலையான முதலாளி இல்லாத தொழிலாளிக்கும் நிலையான உரிமை இருக்க முடியும் என்பதை அது காட்டியது. இதே மும்பை மாநகராட்சியில் ஒப்பந்தத்தின் பெயரால் ஆண்டுக்கணக்கில் சுரண்டப்பட்ட 2,700 துப்புரவுத் தொழிலாளர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்ற தீர்ப்பை, கச்ரா வாஹதூக் ஷ்ரமிக் சங்கம் நீண்ட போராட்டத்தின் பின் 2017 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தில் வென்றெடுத்தது. குப்பை அள்ளுவோர் வென்ற வழியில் மரமேறுவோரும் வெல்ல முடியும்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். முதலாவதாக, மர வேலைக்கான ஒவ்வோர் ஒப்பந்தப்புள்ளியிலும் பாதுகாப்புக் கருவிகளுக்கான தொகை தனித் தலைப்பில் ஒதுக்கப்பட வேண்டும். விலை குறைப்புப் போட்டியில் அத்தொகையைக் கைவைக்க ஒப்பந்ததாரருக்கு உரிமை இருக்கக் கூடாது. இரண்டாவதாக, கவசமின்றியும் பிரேக் இயங்காத ரம்பத்தைக் கொண்டும் நடக்கும் வேலையை நிறுத்தும் அதிகாரம் தொழிலாளிக்கும் வார்டு அதிகாரிக்கும் வேண்டும். நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. மூன்றாவதாக, மரக்கணக்குக் கூலியை ஒழித்து நாட்கூலியும் வேலை நேர வரம்பும் கொண்டுவர வேண்டும். நான்காவதாக, மாநகராட்சியே செலவேற்று மராத்தி, இந்தி, தமிழ் முதலிய மொழிகளில் பயிற்சியும் சான்றும் வழங்க வேண்டும். செவித்திறன், கைவிரல் பரிசோதனை ஆண்டுதோறும் நடக்க வேண்டும். ஐந்தாவதாக, தனியார் குடியிருப்புச் சங்கங்களில் வேலை செய்வோரையும் சேர்த்து, மாதாடி முறையிலான நலவாரியம் ஒன்றில் மரத்தொழிலாளர் அனைவரும் பதிவு செய்யப்பட வேண்டும். 2025-26-ஆம் ஆண்டுக்கு 74,427 கோடி ரூபாய் வரவு செலவுத் திட்டம் போட்ட மாநகராட்சி, ஒரு தலைக்கவசத்துக்கும் ஒரு கால்கவசத்துக்கும் பணமில்லை என்று சொல்ல முடியாது.

இவற்றை வென்றெடுக்கும் வேலை மனுவில் தொடங்கித் தெருவில் நடக்க வேண்டியது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் கிளைத் தோழர்கள் தத்தம் வார்டு அலுவலகங்களில் மர வேலைக்கான ஒப்பந்த ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற வேண்டும். அவற்றில் பாதுகாப்பு பற்றிய நிபந்தனை உண்டா, உண்டெனில் நிறைவேற்றப்படுகிறதா என்று வேலை நடக்கும் இடத்துக்கே சென்று பார்க்க வேண்டும். குடியிருப்புச் சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் தோழர்களுக்கு இன்னும் நேரடியான கடமை இருக்கிறது. தங்கள் வளாகத்து மரத்தில் ஏறுகிறவர் கவசமின்றி ஏறினால், அந்த இடத்தில் வேலை வாங்குபவர்கள் அவர்களே. குறைந்த விலைக்கு ஆள் பிடித்துவிட்டு மே தினத்தில் செங்கொடி ஏந்துவது முரண்பாடு.

எல்லாவற்றுக்கும் மேலாக, மரத்திலிருந்து இறங்கி வரும் அந்தத் தொழிலாளர்களோடு அமர்ந்து பேச வேண்டும். அவர்கள் எந்த ஊரினர், யாரிடம் கூலி பெறுகிறார்கள், சென்ற மழைக்காலத்தில் யார் விழுந்தார், யாருக்கு விரல் போயிற்று என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மரங்களுக்கு எண்ணும் பதிவேடும் இருக்கும் நகரத்தில் அவற்றை வெட்டுகிறவர்களுக்கு ஒரு பெயர்ப்பட்டியல்கூட இல்லை. அந்தப் பட்டியலை இந்த மழைக்காலத்திலேயே நமது தொழிற்சங்க இயக்கம் எழுதத் தொடங்கட்டும்.